அஞ்சு வரி வேஷம்: மேடையிலும் திரையிலும் குணச்சித்திர நடிகராக வேலை செய்வது எப்படி

குணச்சித்திர நடிகருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அஞ்சு வரி. ஸ்டேஷன் ரைட்டர், ரேஷன் கடைக்காரர், பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை விடும் சித்தப்பா, பிரசவ வார்டு ஆயா. படம் வந்த பிறகு "அந்தச் சீன்ல வர்றாரே, அவரு யாரு?" என்று வேறொரு கோ-டைரக்டர் விசாரித்தால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். யாரும் விசாரிக்காவிட்டால் அடுத்த அஞ்சு வரிக்கு மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியதுதான்.

ஒரே ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வைத்துப் பார்ப்போம். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். அப்பாவின் நிலத்தைப் பற்றி விசாரிக்கக் கதாநாயகன் வருகிறான். எழுத்தர் பேசுவது இவ்வளவுதான்:

"ராமசாமி மவனா நீ?"
"அந்த மேட்டு நிலத்தையா கேக்குற?"
"அது போன சித்திரையிலயே கைமாறிடுச்சே."
"உங்கப்பா சொல்லலியா?"
"சரி, உக்காரு."

எந்த மேடையில் கற்பது

தமிழ்நாட்டில் 'நாடகம்' என்ற ஒரே சொல்லில் மூன்று தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பலத்தைத் தரும், ஒரு கெட்ட பழக்கத்தையும் ஒட்டவைத்து அனுப்பும்.

முதலாவது சென்னையின் சபா நாடகம். நாரத கான சபா, வாணி மஹால் மாதிரி அரங்குகளில் மாலையில் நடப்பது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவுக்குப் போய் உட்கார்ந்தால் பல குழுக்களை ஒரே சீசனில் பார்த்துவிடலாம். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பேசுவதுதான் சேரும் வழி. பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே நடிப்பவர்கள். ஒத்திகை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கும் என்பதால் வேலையை விடாமல் தொடங்க இதைவிட வசதியான இடம் கிடையாது. சபா நாடகம் கற்றுக்கொடுப்பது டைமிங். சிரிப்பு எழுந்து அடங்கும்வரை காத்திருந்து, முழுதாக அடங்குவதற்கு ஒரு நொடி முன்பே அடுத்த வரியை எடுப்பது இங்கேதான் கைவரும். ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம், மேடை முன்பக்கத்து மைக்கைத் தேடி உடம்பு தானாகத் திரும்புவது. எதிரில் இருப்பவரிடம் பேச வேண்டிய வரியை ஜனங்களிடம் பேசுவோம். கேமரா முன் இது முதல் ஷாட்டிலேயே அம்பலமாகிவிடும்.

இரண்டாவது நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று திரைக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. விஜய் சேதுபதி அங்கே சேர்ந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. முறையான படிப்பு வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது. கன்னடம் பிடிபடுமென்றால் கர்நாடகத்தின் ஹெக்கோடு ஊரிலுள்ள நீநாசம் நாடகப் பள்ளி, டெல்லி வரை போக முடிந்தால் தேசிய நாடகப் பள்ளி. இந்த வழியில் உடம்பு நன்றாகத் திறக்கும். ஆனால் அதை எல்லா இடத்திலும் திறந்து காட்டுகிற ஆசையும் கூடவே வரும். பத்திர எழுத்தர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் முதுகெலும்பை ஆராயத் தேவையில்லை.

மூன்றாவது ஸ்பெஷல் நாடகம். சினிமாவுக்கு வருகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் சினிமா செட்டுக்கு மிக நெருக்கமானது இதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் திருவிழாக் காலத்தில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடப்பது. ராஜபார்ட் (நாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) இன்னொரு ஊர், பபூன் (கோமாளி) வேறொரு ஊர். ஒத்திகையும் கிடையாது, டைரக்டரும் கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், மற்றதெல்லாம் மேடையில்தான். எதிராளி எதைப் போட்டாலும் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். சினிமாவிலும் காலை எட்டு மணிக்குத்தான் எதிரில் நடிக்கப்போகிறவர் முகத்தையே பார்ப்பீர்கள். ஒரு சீசன் இந்த நாடகங்களைத் தொடர்ந்து பாருங்கள். முக்கியமாக, தர்க்கக் காட்சியில் தனக்கு வசனம் இல்லாத நேரத்தில் நடிகர் என்ன செய்கிறார் என்பதை.

எந்த வழியானாலும் குறைந்தது முப்பது மேடையேற்றம் ஆகும்வரை ஆடிஷனுக்கு அலையாமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. அவசரப்பட்டுப் போய்ச் சொதப்பினால், அந்த முகத்தைக் கோ-டைரக்டர் சொதப்பல் கணக்கில்தான் ஞாபகம் வைத்திருப்பார்.

வயது ஒரு பொருட்டல்ல. டெல்லி கணேஷ் பத்தாண்டு விமானப்படையில் இருந்து, டெல்லியின் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்து, சென்னை மேடை வழியாக முப்பது வயதுக்கு மேல் பாலசந்தர் படத்தில் வந்தவர். அதன்பின் நானூறு படங்களுக்கு மேல். பூர்ணம் விஸ்வநாதன் வானொலிச் செய்தி வாசிப்பாளர். எம்.எஸ். பாஸ்கர் மேடை, டப்பிங், சீரியல், சினிமா என்று எல்லாக் கதவையும் தட்டியவர். 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த துணை நடிகர் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

குரலும் மனப்பாடமும்

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, மூச்சு தீர்ந்து வாக்கியக் கடைசியில் குரலை விட்டுவிடுவது. "அது போன சித்திரையிலயே" வரை கணீரென்று கேட்கும், "கைமாறிடுச்சே" தொண்டைக்குள் போய்விடும். நிலம் என்ன ஆனது என்பதே கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. பயிற்சி எளிது: தினமும் இருபது நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் தூக்கி, விரலால் மேசையில் தட்டிக்கொண்டே வாசியுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும், அப்புறம் தட்டுவதை விட்டுவிடலாம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்ல வருகிறதா என்று போனில் பதிவு செய்து கேளுங்கள். நம் காது நம்மை ஏமாற்றும், பதிவு ஏமாற்றாது.

தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசாதீர்கள். அது குரல் நாணை இன்னும் சிரமப்படுத்தும். பேசாமல் இருப்பதே மருந்து. மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் தீரவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

வசனத்தை உணர்ச்சியோடு மனப்பாடம் செய்யக் கூடாது. உணர்ச்சியோடு படித்த வரி ஒரே ராகத்தில் உறைந்துவிடும். டைரக்டர் "கொஞ்சம் எரிச்சலா சொல்லுங்க" என்றால் வராது. பஞ்சாங்கம் வாசிப்பது போலத் தட்டையாக ஏற்றுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ சொல்லிப் பாருங்கள். கை வேலை நிற்காமல் வரி வந்தால் ஏறிவிட்டது. உங்கள் வரியோடு எதிராளியின் கடைசி நாலு சொல்லையும் படியுங்கள். உங்கள் வரி அங்கேதான் பிறக்கிறது.

வட்டார வழக்கில் எல்லாவற்றையும் கற்க முயல வேண்டாம். சொந்த ஊர்ப் பேச்சு ஒன்று, பழக்கப்படுத்திய பேச்சு ஒன்று போதும். கோயம்புத்தூர்ப் பேச்சு என்றால் 'ங்க' போடுவது என்று நினைத்துப் போகிறவர்களை அந்த ஊர்க்காரர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அனுப்ப வேண்டிய சரக்கு

போர்ட்ஃபோலியோ என்று சொல்லி ஸ்டுடியோவில் கோட் சூட் போட்டு எடுக்கும் படங்கள் குணச்சித்திர நடிகருக்குப் பைசா பிரயோசனமில்லை. நாலு படம் போதும்: மார்பளவு நேர்முகம், பக்கவாட்டு முகம், தலையிலிருந்து கால்வரை ஒன்று, வேட்டி சட்டையிலோ சேலையிலோ இயல்பாக ஒன்று. தாடி வைப்பவர் தாடியோடும் இல்லாமலும் தனித்தனியாக. நரையை மறைக்காதீர்கள், நரைக்குத்தான் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள். படத்தில் இருப்பவர் ஒருவர், வந்து நிற்பவர் வேறொருவர் என்றால் கூப்பிட்டவருக்கு எரிச்சல்தான் வரும்.

வீடியோ ஒன்றரை நிமிடம். போன் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில், அசையாமல் இருக்கட்டும். நாலு புத்தகத்தை அடுக்கி மேலே சாய்த்து வைத்தாலும் சரி. ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். அழகூட்டும் ஃபில்டரை அணையுங்கள். ஃபேனையும் அணையுங்கள், அந்த இரைச்சல் வசனத்தைத் தின்றுவிடும். முதலில் பெயர், வயது, உயரம், பேசத் தெரிந்த மொழிகள், ஊர். பிறகு இடம் வலம் திரும்பிக் காட்டல். பிறகு ஒரு நிமிட நடிப்பு. எதிராளியின் வரியைப் படிக்க ஒருவரைக் கேமராவை ஒட்டி நிற்கவைத்து அவரைப் பார்த்துப் பேசுங்கள். லென்ஸைப் பார்க்க வேண்டாம். புகழ்பெற்ற படத்தின் வசனத்தை எடுத்தால் பார்ப்பவர் மனதில் அந்த நடிகர்தான் வருவார். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வயதும் ஊரும் இருக்கட்டும்.

கூடவே குறும்படங்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் இயக்கமும் ஒளிப்பதிவும் படிக்கும் மாணவர்களுக்கு ஐம்பது வயது அப்பாவும் அறுபது வயதுப் பாட்டியும் எப்போதும் தேவை. சம்பளம் இருக்காது, ஆனால் கேமரா முன் தப்புச் செய்ய அதைவிட மலிவான இடம் கிடையாது. முடித்த படத்தின் நகலைத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு நடியுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது.

ஆடிஷனுக்கு யாராவது பணம் கேட்டால் அது ஆடிஷன் இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், "எங்க போட்டோகிராபர்கிட்டதான் எடுக்கணும்" எல்லாம் அதே கதைதான். ராத்திரியில் ஓட்டல் அறைக்கு வரச் சொன்னால் போக வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

செட்டில்: மேசைக்குப் பின்னால் உட்கார்வதற்கு முன்

வேஷம் உறுதியானதும் உங்கள் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலக வாசலுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எழுத்தர் கண்ணாடியை எப்போது மூக்கில் இறக்குகிறார், முத்திரைத்தாளை எந்தக் கையால் திருப்புகிறார், பேசும்போது வந்தவரைப் பார்க்கிறாரா, தாளைப் பார்க்கிறாரா. பெரும்பாலும் தாளைத்தான் பார்ப்பார். அதுதான் உங்கள் நடிப்பு. "ராமசாமி மவனா நீ?" என்று தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்கலாம். "உங்கப்பா சொல்லலியா?" என்ற இடத்தில் முதல்முறை தலையைத் தூக்கினால் போதும். அந்த ஒரு பார்வைக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மேடையில் இதே வேஷத்தைச் செய்தால் தாளைப் பார்த்துக்கொண்டே பேச முடியாது, முகமும் குரலும் கீழே போய்விடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவது போல ஏதாவது பெரிதாகச் செய்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். "சினிமான்னா கொறைச்சு நடிக்கணும்" என்று எல்லோரும் சொல்வது பாதிதான் உண்மை. குறைக்க வேண்டியது புருவம், கழுத்து, சத்தம் மூன்றையும்தான். உள்ளே நடப்பதைக் குறைத்தால் க்ளோஸில், அதாவது முகத்தை நெருக்கமாகக் காட்டும் ஷாட்டில், காலி முகம்தான் தெரியும். எதிராளி பேசும்போது கேட்பது, அவர் சொன்னதற்குப் பிறகே பதிலைக் கண்டுபிடிப்பது எல்லாம் மேடையில் இருந்த அதே அளவில் இருக்கட்டும்.

இனி ஷாட் வரிசை. முதலில் வைட், பிறகு இருவரும் சேர்ந்த மிட், பிறகு ஹீரோவின் தோள் வழியாக உங்கள் மேல் சஜஷன், கடைசியில் க்ளோஸ். அதே அஞ்சு வரியை ஒவ்வொரு கோணத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். மானிட்டர் பார்க்கும்போதே, அதாவது ஒத்திகையிலேயே, எந்தச் சொல்லில் எந்தச் செய்கை என்று முடிவு செய்து டயலாக் பேப்பரில் குறித்துவிடுங்கள். வைட்டில் "கைமாறிடுச்சே" என்னும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, க்ளோஸில் "சித்திரையிலயே" என்னும்போதே கழற்றினால் எடிட்டரால் இரண்டையும் ஒட்ட முடியாது. அவர் என்ன செய்வார் தெரியுமா? அந்த இடத்தில் ஹீரோ முகத்தைப் போட்டு உங்கள் குரலை மட்டும் பின்னால் ஓடவிடுவார். புதிதாக வந்தவர்களின் க்ளோஸ் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் அரசியல் இல்லை, கன்டினியூட்டிதான். டீ கிளாஸ் வைத்திருந்தால் இன்னும் வம்பு, குடித்த அளவும் பொருந்த வேண்டும். முதல் வேஷங்களில் கையில் எதையும் கேட்டு வாங்காதீர்கள்.

க்ளோஸுக்கு முன் ஒளிப்பதிவு உதவியாளரிடம் "ஃப்ரேம் எதுவரைக்கும்?" என்று கேளுங்கள். தெரியாமல் முன்னால் நாலு விரற்கடை சாய்ந்தாலே ஃபோகஸ் போய்விடும். எதிராளியின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்காமல், கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணை மட்டும் பாருங்கள். இல்லையென்றால் திரையில் உங்கள் கருவிழி அலைபாயும். ஹீரோ அப்போது எதிரே இல்லாமல் கேரவனுக்குப் போயிருக்கலாம். உதவி இயக்குநர் அவர் வரியைத் தட்டையாகப் படிப்பார். அதற்குப் பழகத்தான் வீட்டில் வேறொருவரைப் படிக்கச் சொன்னது.

நடந்து வந்து நிற்கும் ஷாட் என்றால் தரையில் டேப் ஒட்டியிருப்பார்கள். டேப்பில் நின்று, வர வேண்டிய தூரத்தைப் பின்னோக்கி நடந்து எண்ணுங்கள். ஆறு காலடி என்றால் அதே ஆறு காலடியில் முன்னால் வாருங்கள். கீழே குனிந்து தேட வேண்டியிருக்காது.

ஒரு வரி தப்பினால் நீங்களே "கட்" சொல்லாதீர்கள். டைரக்டர் சொல்லும்வரை ஓட்டுங்கள்.

சீரியல்

மாதாமாதம் சம்பளம் வரும், அது சின்ன விஷயமில்லை. ஒரே நாளில் பல காட்சிகள் எடுப்பதால் வேகம் வரும், கேமரா பயம் போய்விடும். ஆனால் ப்ராம்ப்ட்டிங் என்று ஒருவர் பக்கத்தில் நின்று வரிவரியாகச் சொல்ல, அதை வாங்கித் திருப்பிச் சொல்லும் பழக்கம் காதைக் கெடுக்கும். எதிராளியைக் கேட்காமல் ப்ராம்ப்டரைக் கேட்க ஆரம்பிப்பீர்கள். முடிந்தவரை வரியை முன்னாலேயே வாங்கிப் படித்துவிடுங்கள். ஒப்புக்கொள்ளும்போதே மாதத்தில் எத்தனை நாள், எந்தத் தேதிகள் என்று பேசி வையுங்கள். நல்ல படம் வந்து, சீரியல் தேதி விடாமல் கைநழுவிய கதை கோடம்பாக்கத்தில் ஆளுக்கொன்று இருக்கும்.

தேதி, சம்பளம், டப்பிங்

ஒரு டைரி வையுங்கள், போன் போதாது. கொடுத்த தேதி, கெட்டப், முடி நீளம், மீசை அளவு, போட்ட சட்டை எல்லாம் எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். "முடிஞ்சுது சார், பேக்கப்" என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பேட்ச் வொர்க்குக்கு, அதாவது விட்டுப்போன ஷாட்டுகளை எடுக்க, அழைப்பார்கள். அதற்குள் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வந்து நின்றால் விக் வைத்து ஒட்ட வேண்டியிருக்கும், ஒட்டு தெரியும். மொட்டைக்கு முன் கோ-டைரக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

சம்பளம் பேசும்போது நாள் கணக்கா மொத்தமா, பேட்டாவும் போக்குவரத்தும் தனியா, எத்தனை நாள், நாள் கூடினால் எவ்வளவு, டப்பிங் இதில் சேர்ந்ததா என்ற அஞ்சையும் கேட்டு, புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தம் தராத இடத்திலும் அந்தச் செய்தி சாட்சி. பாக்கிப் பணத்தை டப்பிங்குக்கு முன் தீர்ப்பது கோடம்பாக்கத்தின் பழைய வழக்கம். ரிலீஸுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அலைச்சல் உங்களுக்கு. அதற்காகச் சின்ன வேஷக்காரர் டப்பிங்குக்கே வர மாட்டேன் என்று முறுக்கினால் வேறொரு குரலைப் போட்டு முடித்துவிடுவார்கள். அதனால் டப்பிங் தேதி சொல்லும் போனிலேயே பாக்கியைப் பேசுவதுதான் சரியான நேரம். தொழில்முறைக் கட்டணமாகத் தருவதில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியாக முன்கூட்டியே, பிடிப்பார்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அந்தப் பணம் திரும்பும்.

வேலை தொடர்ந்து வர ஆரம்பித்ததும் தென்னிந்திய நடிகர் சங்க உறுப்பினராவதைப் பாருங்கள். 1952-இல் தொடங்கிய சங்கம், ஹபிபுல்லா சாலையில் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் நாடக நடிகர்களும் ஏராளம்.

டப்பிங் அறையில் பத்திர எழுத்தரின் அஞ்சு வரிக்கு அரை மணி நேரம் ஆகலாம். காதில் ஹெட்போன், அதில் படப்பிடிப்பில் பேசிய பைலட் குரல், எதிரே திரை. ஷூட்டிங்கில் முணுமுணுத்திருந்தால் என்ன பேசினோம் என்று உங்களுக்கே புரியாது. அதனால் பிறகு டப்பிங் செய்யப்போகிற படம் என்றாலும் செட்டில் முழுசாகப் பேசுங்கள். உதடு ஒட்டும் எழுத்துகளை முதலில் பிடியுங்கள்: ப, ம இரண்டும்தான் திரையில் காட்டிக்கொடுப்பவை. மூன்றாவது, நாலாவது வரிகளில் "போன" என்பதன் 'போ', "கைமாறிடுச்சே"யின் 'மா', "உங்கப்பா"வின் 'ப்பா'. இந்த மூன்று இடமும் உட்கார்ந்துவிட்டால் நடுவில் உள்ளது தானாகப் பொருந்தும். பேப்பரில் அவற்றைப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள், மூச்சு விட்ட இடத்தில் ஒரு கோடு போடுங்கள். செட்டில் உட்கார்ந்து பேசிய வரியை இங்கே நிமிர்ந்து நின்று சொன்னால் குரல் மாறும். ஸ்டூல் கேட்டு வாங்கி, அன்றைக்கு மேசைமேல் குனிந்திருந்த அளவுக்குக் குனிந்தே பேசுங்கள். மைக்கை அதற்கேற்ப இறக்கச் சொன்னால் இன்ஜினியர் இறக்கித் தருவார்.